பூட்டிய காரில் ஒரு கீறல்கூட இல்லை

"யாரும்மா நீங்க? என் கார்ல என்ன பண்றீங்க?"

என் வலது கை அந்தக் காரின் பின்கதவுப் பிடியில் இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சீட்டில் ஒரு பெண்ணின் கைப்பை, ஒரு குழந்தையின் தொப்பி, வாழைப்பழம் எட்டிப் பார்க்கும் ஒரு மஞ்சள் பை. எதுவும் என்னுடையதில்லை. காரும் என்னுடையதில்லை.

கத்தியவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர். ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்தை ஒட்டிய காலி மனையில், காலை பத்தரை மணி வெயிலில், முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்த நான் திருடியாக நின்றேன்.

"சார், நான் எடுக்க வரலை. உங்க கார் பூட்டலை. அதைச் சொல்லத்தான்..."

"பூட்டலையா? இப்பத்தானே பட்டனை அமுக்கிட்டுப் போறேன்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை. இதே வார்த்தைகளை ஒரு மாசமாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் நம்பவில்லை.

இந்தப் பத்தியில் போன வாரம் எழுதிய ஸ்கூல் சுற்றுலாக் கதை சுலபமாக வந்தது. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான் பட்ட கஷ்டத்தை எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. நான் செய்ததை எழுதத்தான் கை வரவில்லை.

பழுப்பு நிறத் தோல் பை

ஒரு மாசம் பின்னால் போகிறேன்.

வைதேகியும் நானும் ஒரே ஸ்கூலில் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் கணக்கு டீச்சர், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண். நான் மேலப்புதூர் மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். கிறிஸ்துமஸுக்கு அவளுக்காகவே முட்டை போடாத கேக் செய்வேன். அவள் மகளுக்கு அன்று அந்த மண்டபத்தில் கல்யாணம்.

என் கணவர் அருளுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் வண்டி ஓட்டக் கூடாது. நான் ஓட்டுவேன், ஆனால் கே.கே. நகருக்குள் மட்டும். காவிரிப் பாலத்தைத் தாண்டி முகூர்த்த நாளில் ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வண்டியைத் திருப்ப எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் முருகேசனைக் கூப்பிட்டோம்.

முருகேசன் ஆக்டிங் டிரைவர். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு நாளைக்கு மட்டும் அழைத்துக்கொள்கிற ஓட்டுநர். திருவெறும்பூரில் வீடு, நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஓர் ஏஜென்சி மூலமாக இரண்டு வருஷமாக எங்களுக்கு அவர்தான் வருவார். அதிகம் பேச மாட்டார். பிரேக் போட்டதே தெரியாமல் வண்டியை நிறுத்துவார்.

பின்சீட்டில் ஒரு பழுப்பு நிறத் தோல் பை இருந்தது. எங்கள் ஒரே மகள் ஷெரின் நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள். கல்யாணம் முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ஏஜென்ட்டிடம் கொடுக்க வேண்டும். அவர் சென்னைக்கு எடுத்துப்போய் வெளிநாட்டு வேலைக்கான அரசு முத்திரை வாங்கி வருவார். ஷெரின் அன்று டியூட்டியில் இருந்ததால் பையை என்னிடம் கொடுத்திருந்தாள்.

மண்டப வாசலில் எங்களை இறக்கிவிட்டு முருகேசன் காரைக் காலி மனையில் போட்டார். உள்ளே போன பிறகுதான் பரிசுப் பொட்டலம் காரிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. நான் திரும்பி வந்தேன். முருகேசன் மனையின் வாசலில் நின்றிருந்தார்.

"நான் எடுத்தாரேன் டீச்சர்."

"வேணாம், எது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. சாவியைக் கொடுங்க."

போனேன். பொட்டலத்தை எடுத்தேன். கதவைச் சாத்தினேன். சாவியில் பூட்டும் பட்டனை அமுக்கினேன். முருகேசனிடம் சாவியைக் கொடுத்து, "முதல் பந்தி போட்டுட்டாங்க, போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

அமுக்கினேன். அது நிச்சயம். காரின் விளக்கு மின்னியதா, 'டிக்' என்று சத்தம் கேட்டதா என்று கேட்டால் தெரியாது. மண்டபத்து ஸ்பீக்கரில் கெட்டிமேளம் பிளந்துகொண்டிருந்தது. தாலி கட்டுவதைப் பார்க்கும் அவசரத்தில் நான் திரும்பியே பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது பை இல்லை.

"கண்ணாடி உடையலையே?"

எங்கள் கூடவே மனைக்கு வந்து பார்த்த சப்-இன்ஸ்பெக்டர் காரை இரண்டு சுற்று சுற்றினார். குனிந்து சாவித் துவாரத்தைப் பார்த்தார். கண்ணாடி ஓர ரப்பரை விரலால் தடவினார்.

"கண்ணாடி உடையலை. லாக்ல ஒரு கீறல் இல்லை. கதவு நெம்பின அடையாளம் இல்லை. பூட்டினீங்களாம்மா?"

"பூட்டினேன் சார்."

"ஞாபகம் இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "ஸ்டெல்லா, நல்லா யோசி. போன வாரம் கேஸை அணைக்காமப் பூசைக்கு வந்துட்டியே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில், ஒரு போலீஸ்காரர் முன்னால், வைதேகி வீட்டுச் சம்பந்திகள் வேடிக்கை பார்க்கையில், அது என் கன்னத்தில் விழுந்தது.

என் அம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல் மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு அடுப்பு, பிறகு தெரு, கடைசியில் நான். "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று என்னிடமே கேட்டாள். எனக்கு அப்போது அறுபது முடிந்து சில மாசம்தான். இந்தக் கணக்கை நான் தினமும் மனசுக்குள் போட்டுப் பார்ப்பது என் கணவருக்குத் தெரியாது.

எப்படியாவது அந்தக் கேள்வி என்னை விட்டுப் போக வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"நான் பூட்டிட்டுச் சாவியை இவர்கிட்டதான் கொடுத்தேன். ரெண்டு மணி நேரமும் சாவி இவர்கிட்டதான் இருந்துச்சு."

பொய் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் எதற்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

முருகேசன் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "நான் சாப்பிடத்தான் போனேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள். ஃபோனை வாங்கிப் பார்த்தார்கள். யாரிடம் பேசினார், எந்தப் பந்தியில் சாப்பிட்டார் என்று சாயங்காலம் வரை கேள்வி. ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். ஏஜென்சிக்கு விஷயம் அன்றே போய்விட்டது.

அப்பாவும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும்

எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக அந்தச் சந்தேகம் வந்தது என்று யோசிக்கும்போது பழைய காட்சி ஒன்று வருகிறது.

அப்பா மருந்துக் கம்பெனியில் ரெப். கம்பெனி கொடுத்த வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் வந்தார். "ஏதாவது தகடு மாதிரி இருக்கா?" என்று கேட்டார். என் ஜாமெட்ரி பாக்ஸுக்காக வாங்கிய ஸ்டீல் ஸ்கேல் என் கையிலேயே இருந்தது. கண்ணாடி ஓரமாக அதை விட்டு ஏதோ செய்தார். கதவு திறந்துகொண்டது. டீ ஆறவில்லை.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப இத்தனை வருஷம் நான் பூட்டினது எதுக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார். வேளாங்கண்ணியில் ஜெபம் பண்ணும்போதுகூட எழுந்து எழுந்து போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆனால் அந்த ஸ்கேல் போன இடத்தில் ரப்பரில் ஒரு கிழிசல் இருந்தது. கடைசி வரை இருந்தது. மழை பெய்தால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். கதவைத் தப்பாகத் திறந்தால் ஏதாவது ஓர் அடையாளம் மிச்சமிருக்கும் என்று நான் நம்பியது அங்கிருந்துதான். அடையாளம் இல்லையென்றால் சாவிதான். சாவி என்றால் ஆள்தான்.

உட்கார முடியாத மதியங்கள்

அடுத்த நாலு வாரமும் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை.

சாப்பிட்ட கையோடு போர்ட்டிகோவுக்குப் போவேன். காரைப் பூட்டுவேன், திறப்பேன், பூட்டுவேன். ஒவ்வொரு தடவையும் விளக்கு மின்னும். எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் மாடியிலிருந்து, "வண்டி ரிப்பேரா டீச்சர்?" என்று கேட்டார். உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

கேஸ் அணைத்தேனா என்று நாலு தடவை பார்த்தேன். ஜெபமாலை சொல்லும்போது எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்பது நழுவியது. அது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் இப்போது ஒவ்வொன்றையும் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

ஷெரின் என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. சான்றிதழ்களுக்கு நகல் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அம்மா, ஒரு தடவை டாக்டரைப் பார்த்துடலாமே. சும்மா, ஒரு செக்கப்."

அவள் கத்தியிருந்தால் தேவலை.

"சரி" என்றேன். வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினார்கள். புதன்கிழமை முகூர்த்த நாள் என்று காலண்டரில் பார்த்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன்.

எதைத் தேடிப் போனேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த மனையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வழியில் வைதேகி வீட்டில் எட்டிப் பார்த்தேன்.

"என்ன ஸ்டெல்லா, இப்படி இளைச்சுப் போயிட்டே? உள்ளே வந்து உக்காரு, காபி கலந்துண்டு வரேன்."

"இல்லடி, போகணும்."

"எங்கே போகணும்? வெயில்ல ஏன் இப்படி அலைஞ்சிண்டிருக்கே?"

மனையைப் பார்க்க நடந்துவிட்டேன்.

மனையின் ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்று கார்கள் வருவதைப் பார்த்தேன். இறங்குகிறார்கள், பட்டனை அமுக்குகிறார்கள், நடக்கிறார்கள். பட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டு, ஃபோனில் பேசிக்கொண்டு, குழந்தையை அதட்டிக்கொண்டு. நான் பார்த்த முக்கால் மணி நேரத்தில் கார் பூட்டியதா என்று திரும்பிப் பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் ஒரு போஸ்ட்மாஸ்டர் போல இருந்தார்.

பிறகு அந்தப் பட்டு வேட்டிக்காரர் வந்தார். குடும்பத்தை முன்னால் அனுப்பிவிட்டு, நடந்துகொண்டே கையைப் பின்னால் நீட்டிச் சாவியை அமுக்கினார்.

விளக்கு மின்னவில்லை.

சத்தமும் இல்லை. அவர் போய்க்கொண்டே இருந்தார். என் கால் தானாக நகர்ந்தது. பின்கதவுப் பிடியை இழுத்தேன். திறந்துகொண்டது.

இரண்டு கார்களும் ஒன்றாக

அங்கேதான் அவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"அமுக்குனீங்க சார், நான் பார்த்தேன். ஆனா பூட்டலை. இப்ப அமுக்கிப் பாருங்களேன்" என்றேன்.

முறைத்துக்கொண்டே அமுக்கினார். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார். ஒன்றுமில்லை.

"பேட்டரி போயிருக்கும் மாப்ளே" என்றார் கூட வந்தவர். "இரு, என் வண்டியைப் பாரு." தன் சாவியை எடுத்துப் பக்கத்தில் நின்ற தன் காரை நோக்கி அமுக்கினார். அதுவும் அசையவில்லை.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சுற்றிப் பார்த்தேன்.

மதிலோரம் ஒரு பைக். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஹேண்டில்பாரில் ஒரு டிபன் பை. நான் வந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தார். யாரோ டிரைவர், காத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். என் கண் அவர்மேல் நின்றதும் பைக்கைக் கிளப்பினார். அவசரமே இல்லாமல் திருப்பி, தெருவில் இறங்கிப் போனார்.

பட்டு வேட்டிக்காரர் இன்னும் சாவியை அமுக்கிக்கொண்டே இருந்தார். கூட வந்தவரும்தான்.

பைக் தெரு முனையில் திரும்பியது. டிக். டிக். இரண்டு கார்களின் விளக்குகளும் ஒன்றாக மின்னின.

"அந்த பைக் நம்பரை யாராவது பார்த்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

நான் பார்த்திருந்தேன். கடைசி நாலு எண். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் ரெஜிஸ்டர் நம்பர் சரிபார்த்தவள். அந்த நாலு எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஸ்டேஷன் வரை நடந்தேன். பட்டு வேட்டிக்காரரும் கூடவே வந்தார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று வழியெல்லாம் சொன்னார். எனக்கு எண் மறந்துவிடுமோ என்ற பயத்தில் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

அதே சப்-இன்ஸ்பெக்டர்தான் இருந்தார். முழுவதும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஜாமர் வச்சிருப்பாங்கம்மா. சின்னப் பெட்டி. சாவியிலேருந்து கிளம்புற சிக்னலை அது அமுக்கிடும். நாம பூட்டிட்டோம்னு நினைச்சுட்டுப் போயிடுவோம். அவன் சொந்தக்காரன் மாதிரி கதவைத் திறந்து எடுத்துட்டுப் போவான். உடைக்க வேண்டிய வேலையே இல்லை." என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நீங்க அமுக்கினது நிஜம்தான். காருக்குத்தான் கேட்கலை."

வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தேன். ஒரு மாசத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பத்து நாளில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். டிபன் பைக்குள் பெட்டி இருந்தது. எங்கள் பையில் லேப்டாப் இருக்கும் என்று நினைத்து எடுத்தார்களாம். வெறும் காகிதம் என்றதும் கொள்ளிடத்தில் வீசிவிட்டார்கள். ஷெரினுக்கு நகல் சான்றிதழ்கள் வந்து சேர ஏழு மாசம் ஆயிற்று. அந்த வேலை போய்விட்டது. வேறொன்று கிடைத்தது, அயர்லாந்தில் அதே ஊரில், கொஞ்சம் சின்ன ஆஸ்பத்திரி.

நான் ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பிய அன்றே என் கணவர் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. அன்று சாயங்காலம் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

திருவெறும்பூர்

நான் ஜெயித்துவிட்டேன் அல்லவா? அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் காலை மறுபடியும் உட்கார முடியவில்லை.

முருகேசனுக்கு ஃபோன் செய்தேன். எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஏஜென்சியில் கேட்டேன். "அவரை இப்ப அனுப்புறதில்லைம்மா. ஸ்டேஷன் வரைக்கும் போன ஆளுன்னா கஸ்டமர் யோசிக்கிறாங்க" என்றார்கள். ஸ்டேஷன் வரைக்கும் அவரை அனுப்பிய கஸ்டமர் நான்தான்.

முகவரி வாங்கினேன். அப்புறமும் மூன்று ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் மழை, ஒரு வாரம் விருந்தாளி, ஒரு வாரம் காரணமே இல்லை. நாலாவது ஞாயிறு பூசை முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு நானே ஓட்டிப்போனேன்.

தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் குறுகலான தெரு. வரிசை வீடுகள். வாசலில் தண்ணீர் கேன் ஏற்றிய லோடு ஆட்டோ. அதன் பின்பக்கத்தை முருகேசன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர்" என்றார், நேற்றுப் பார்த்தது போல. "செல்வி, டீச்சர் வந்திருக்காங்க."

அவர் மனைவி கதவு வரை வந்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

நான் வழி நெடுக ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "பிடிச்சுட்டாங்க முருகேசன். நீங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

"அவர் இல்லைன்னு எங்களுக்கு முதல்லயே தெரியுங்க" என்றார் செல்வி.

தலை குனிந்து நின்றேன். "நான் தப்புப் பண்ணிட்டேன். என்னைச் சொல்லிடுவாங்களோன்னு பயந்து உங்களைக் காட்டிட்டேன்."

முருகேசன் துணியைப் பிழிந்து ஆட்டோவின் ஓரத்தில் விரித்துப் போட்டார்.

"நீங்க பட்டனை அமுக்கினதை நான் பார்த்தேன் டீச்சர். லைட்டு மின்னலை. வெயில்ல தெரியலை போலன்னு நினைச்சுட்டேன். போய் ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கணும். பந்தி ஞாபகத்துல போயிட்டேன்."

"இதை ஏன் அன்னிக்குச் சொல்லலை? சொல்லியிருந்தா உங்களை விட்டிருப்பாங்களே!"

"சொன்னா நீங்க பூட்டலைன்னு ஆயிடும். சார் ஏற்கெனவே எல்லார் முன்னாடியும் கேஸ் அடுப்பு அது இதுன்னு சொல்லிட்டாரு. உங்க முகத்தைப் பார்த்தேன். வேணாம்னு விட்டுட்டேன்."

"நானா இருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் செல்வி. சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன், அவர்மேல் தப்பில்லை என்று ஏஜென்சியிலும் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்கிறேன் என்று. முருகேசன் அதைக் கொடுக்கச் சொன்னார். மறுநாளே கொடுத்தேன். அங்கே நிற்கும்போதே இன்னொன்றும் கேட்டேன், பழையபடி எங்கள் வண்டிக்கு வர முடியுமா என்று.

விரித்துப் போட்ட துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"வேணாங்க டீச்சர். இனிமே நான் ஓட்டினா, இறங்குறப்பல்லாம் உங்க கண்ணு ஒரு தடவை பின்சீட்டுக்குப் போயிட்டு வரும். நீங்க வேணும்னு பார்க்க மாட்டீங்க. ஆனா போகும். கண்ணாடியில எனக்கு அது தெரியும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரோட்டில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார்.

அந்தத் தெருவில் காரைத் திருப்ப இடமில்லை. ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். முருகேசன் எதுவும் கேட்காமல் வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "வாங்க... வாங்க... லேசா லெஃப்ட்ல ஒடிங்க... வாங்க" என்று தஞ்சாவூர் ரோடு வரை நடந்தே வந்தார். வேகமாக வந்த ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார்.

கண்ணாடியை இறக்கி ஏதாவது சொல்ல நினைத்தேன். அதற்குள் பஸ்காரர் ஹாரன் அடித்தார். "போங்க டீச்சர், போங்க" என்றார் முருகேசன். நான் கியரை மாற்றினேன்.